குளிர் அறைக் கணக்கு

வாகனிங்கன். நவம்பர்.
டீன் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது.
பத்தாண்டில் இங்கே முனைவரான வெளிநாட்டவரில்
தங்கியவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை.
இரண்டே கட்டம். வெள்ளிக்குள் வேண்டுமாம்.
பேராசிரியர்களுக்கு நினைவில்லை.
"ஃபெம்கேயைக் கேளுங்கள்" என்றுவிட்டார்கள்.
மண் அறையின் சாவி என்னிடம்தான்.

நான்கு டிகிரியில்
அலமாரி அலமாரியாய் மண்.
ஆய்வேடு முடிந்து பத்தாண்டு
மண்ணைக் காப்பது விதி.
கொண்டுவந்தவருக்கு ஓராண்டு,
அதற்குள் வேலை தேடிக்கொள்ள வேண்டும்.
இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ
மண்ணை மிகவும் நேசித்திருக்கிறார்.

மூன்றாம் தட்டு: என்க்ஜர்கால், கோபிப் பாலையின் விளிம்பு.
திரும்பியவள். இரண்டாவது கட்டத்தில் போடலாம்தான்.
உலான்பாத்தரில் அறை கொடுத்தார்கள்,
பெயர்ப்பலகை கொடுத்தார்கள்,
கருவி கொடுக்கவில்லை.
ஆண்டுக்கு இருமுறை மண்ணை அனுப்புகிறாள் தபாலில்,
அளந்து எண்களை அனுப்புகிறேன்.
சுங்கத்தாளில் 'வணிக மதிப்பு இல்லை' என்று எழுதும் கையெழுத்து
வரவரச் சாய்ந்துகொண்டே போகிறது.

ஐந்தாம் தட்டு, பெஹ்ராங். ஏரி வற்றிய உப்பு மண்.
இங்கிருந்தபோது, அப்பா இறந்த வாரம்,
ஒரு பையைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினான்.
ஊருக்குப் போகவில்லை; போனால்
இந்தக் கதவு மறுபடி திறக்குமா என்று தெரியவில்லை.
பிறகு ஹாலிஃபாக்ஸ், பிறகு பெர்த்.
தங்கவுமில்லை, திரும்பவுமில்லை.

ரூவிம்போ தங்கினாள். இது சுலபம்.
ஊட்ரெக்டில் காப்பீட்டு நிறுவனத்துக்கு
வெள்ள அபாயம் கணக்கிடுகிறாள்.
சனிக்கிழமைச் சந்தையில் பார்த்தேன்,
மகளை டச்சில் அதட்டிக்கொண்டிருந்தாள்,
என் அம்மா என்னை அதட்டிய அதே சொல்லில்.
"என் மண் எப்படி இருக்கிறது?" என்றாள்.
நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல.

என் தம்பி வீபெ ஆல்பர்ட்டாவில் முந்நூறு மாடு வைத்திருக்கிறான்.
போய் இருபத்தாறு வருடம்.
அவன் எந்தக் கட்டம் என்று
எந்தத் தாளும் இதுவரை என்னைக் கேட்டதில்லை.

நேற்று ஹிருத் வந்தாள்.
வோலோ மலைச்சரிவு, நூற்று நாற்பது பை.
அவளுடைய ஓராண்டில் மிச்சம் பதினொரு நாள்.
ரைன் வரைக்கும் நடந்தோம். படகுத்துறையில் நின்று,
"உங்கள் ஊரில் இக்கரையும் பச்சை, அக்கரையும் பச்சை.
எதைப் பார்த்து ஏங்குவது?" என்றாள்.
படகுக்காரர் சங்கிலியை இழுத்துப் போட்டார். நாங்கள் ஏறவில்லை.

திரும்பிவந்து கழிவுத் தட்டைத் தூக்கினால்
ஓரத்தில் ஒரு முளை.
நூல்போல, வெளிறி, தலை குனிந்து.
"டெஃப்" என்றாள். அவள் அம்மாவின் வயல் தானியம்
அல்ல, அரசாங்கப் பண்ணையின் எண்ணிட்ட வித்தாம்.
சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வெளிநாட்டு மண்ணில் எது முளைத்தாலும்
நூற்றிருபத்தோரு டிகிரி நீராவியில் வேக வேண்டும்.
அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து ஒட்டியவளே நான்தான்.
அவளைப் பார்த்தேன்.
"வையுங்கள்" என்றாள்.
வைத்தேன். திருகிப் பூட்டினேன்.

இருபது நிமிடம்.
ஆளுக்கொரு ஸ்டூல்.
வெள்ளிக்கிழமை ஆர்னெமில் நேர்காணல் என்றாள்.
ஜிம்மாவிலிருந்து வந்த கடிதத்தையும் சொன்னாள்.
ஒன்றில் சம்பளம் ஒன்பது மடங்கு,
மற்றதில் மாணவர்கள் ஒன்பது மடங்கு.
இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்,
ரயில் நேரம் படிப்பதுபோல.

பதிவேட்டை எடுத்துத் தேதி போட்டேன், பை எண் போட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில்: ஒன்று முளைத்தது.

மணி அடித்தது.
அறைச் சாவியை என்றைக்குத் தர வேண்டும் என்று கேட்டாள்.
முதலில் இது ஆறட்டும் என்றேன்.